வானத்தைத் தேய்த்தவர்கள்

கன்பராவில் பனி விழுவது அபூர்வம். ஷிசுவோக்கா கடற்கரையை ஒட்டிய இதமான ஊர் அது. ஆனால் ஜப்பானிய நிலக்காட்சி அச்சுகளில் பனிக்குப் பேர்போனது எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் காட்டுவது ‘கன்பரா, இரவுப் பனி’யைத்தான். உத்தகாவா ஹிரோஷிகே 1833, 1834 வாக்கில் கொண்டுவந்த தொக்கைடோ நெடுஞ்சாலை வரிசையில் அது ஒரு தாள். மூன்று பேர். இரண்டு பேர் மேட்டில் ஏறிப் போகிறார்கள். ஒருவர் பாதி விரித்த குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு எதிர்த்திசையில் இறங்குகிறார். கூரைகள், மலை, மரங்கள், எல்லாம் வெள்ளையும் சாம்பலும்தான்.

இந்தப் படத்தின் பழைய படிகள் ஒரேமாதிரி இல்லை. சில படிகளில் வானத்தின் கருமை மேல் விளிம்பில் அடர்ந்து கீழே வரவரக் கரைகிறது. வேறு சில படிகளில் தலைகீழ்: கூரைகளுக்கும் மலைக்கும் பின்னாலிருந்து கருமை கிளம்பி மேலே போகப்போக வெளுக்கிறது. முதல் வகையில் இரவு தலைக்கு மேல் கவிகிறது. இரண்டாவது வகையில் பனி மூடிய கூரைகள் பளிச்சென்று முன்னால் வந்துவிடுகின்றன. கோடு ஒன்றுதான், கட்டையும் அதேதான். ஆனால் வானம் வேறு.

அந்த வானம் யாருடையது? சுவரில் மாட்டினால் அட்டையில் ஹிரோஷிகே என்றுதான் போடுவார்கள். நான் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிப் பிழைத்தவன். அதனால் எனக்கு முதலில் தோன்றுவது, இது மிஷின்மேன் வேலை என்பதே. அந்தக் காலத்து எடோவில் மிஷின் கிடையாது. ஆனால் அச்சடிப்பவர் உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

எடோ என்பது இன்றைய டோக்கியோ. அங்கே ஒரு வண்ண அச்சுக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். பதிப்பாளர் பணம் போடுவார், எதைப் போட்டால் விற்கும் என்று கணக்குப் பார்ப்பார். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டுப்படம் வரைந்து தருவார். அரசாங்கத் தணிக்கை முத்திரை வாங்கியதும் அது மரம் செதுக்குபவர் கைக்குப் போகும். அவர் அந்தத் தாளை மலைச் செர்ரி மரப்பலகையில் முகம்கவிழ்த்து ஒட்டுவார். தாளின் முதுகை ஈரவிரலால் உரித்து மெலிதாக்கினால் கோடுகள் மேலே தெரியும். பிறகு கத்தியால் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தோண்டி எடுப்பார். ஓவியரின் மூலப்படம் அந்த இடத்திலேயே கூழாகிச் செத்துவிடும். இன்று நாம் பார்க்கும் எந்த ஹிரோஷிகே அச்சிலும் அவர் தூரிகை பட்ட தாள் இல்லை.

அந்தக் கோட்டுக்கட்டையிலிருந்து சில படிகளை அடித்து ஓவியரிடம் அனுப்புவார்கள். அவர் ஒவ்வொரு தாளிலும் ஒரு வண்ணம் வரவேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுப்பார். அதன்படி வண்ணத்துக்கு ஒன்றாகக் கட்டைகள் செதுக்கப்படும். எல்லாக் கட்டையிலும் ஒரு மூலையில் ‘ட’ எழுத்தைப்போல ஒரு வெட்டும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேராக ஒரு வெட்டும் இருக்கும். கெந்தோ என்று பெயர். தாளின் மூலையை ‘ட’வில் பொருத்தி, விளிம்பை அடுத்த வெட்டில் முட்டக்கொடுத்துப் படுக்கவைத்தால், பத்து, பன்னிரண்டு முறை அடித்தாலும் வண்ணம் விலகாது. ரிஜிஸ்டர் விலகியதென்று முதலாளியிடம் திட்டு வாங்கிய எவரும் இந்த இரண்டு வெட்டுக்களையும் கும்பிடத்தான் செய்வார்கள்.

அதிலும் அதிசயம், அவர்கள் ஈரத்தாளில் அடித்தார்கள். எங்கள் தொழிலில் தாளுக்கு ஈரம்தான் எமன். மழைக்காலத்தில் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து ஓரம் அலையலையாகிவிட்டால் நாலு கலரும் நாலு திசையில் நிற்கும். அங்கே காகித மல்பெரிப் பட்டையிலிருந்து செய்த தாளைப் பசையும் படிகாரமும் பூசிக் காயவைத்து, அடிப்பதற்கு முன்பு வேண்டுமென்றே ஈரப்படுத்தி அடுக்கிவைப்பார்கள். எல்லாத் தாளிலும் ஈரம் ஒரே அளவில் நிற்கவேண்டும். ஈரம் இருந்தால்தான் நீர்வண்ணம் தாளின் மேல்தோலில் உட்கார்ந்துவிடாமல் நாருக்குள் இறங்கும். எண்ணெய் மை கிடையாது, அழுத்தும் இயந்திரம் கிடையாது. கட்டைமேல் வண்ணமும் கொஞ்சம் அரிசிப் பசையும் வைத்து, குதிரைமயிர்த் தூரிகையால் பரப்பி, தாளைப் போட்டு, மூங்கில் உறை போர்த்திய வட்டமான பாரென் திண்டால் முதுகில் தேய்ப்பார்கள். தோள் பலம் முழுக்க அதில் இறங்கும்.

இப்போது வானத்துக்கு வருகிறேன். ஒரு வண்ணம் அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாமல் கரைவதற்குப் பொக்காஷி என்று பெயர். கட்டையில் அதற்கென்று எந்த அடையாளமும் இராது, சமதளமான மரம்தான். அச்சடிப்பவர் அதை ஈரத்துணியால் துடைத்து, ஒரு விளிம்பில் மட்டும் வண்ணத்தை வைத்துத் தூரிகையை இழுப்பார். ஈரம் பட்ட பக்கம் வண்ணம் தானாகக் கரைந்து ஓடும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் கோடு விழும், குறைந்தால் திட்டு விழும். அடுத்த தாளுக்கு மறுபடி துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி இழுக்கவேண்டும். முதல் ஓட்டம் இருநூறு தாள் என்பது வழக்கம். இருநூறு தாளுக்கும் வானம் ஒவ்வொன்றாகக் கையால் போட்டதுதான். ஓவியர் “இங்கே கரைய வேண்டும்” என்று சொல்லலாம், பக்கத்தில் நின்று பார்க்கவும் செய்யலாம். எவ்வளவு கரைகிறது என்பது துடைத்தவர் கையில் இருக்கிறது. கன்பராவின் வானம் தலைகீழானது இப்படித்தான் சாத்தியமாயிற்று.

அதற்கு முன்னாலும் வண்ண அச்சு இருந்தது. சுசுக்கி ஹரநோபு காலத்தில், 1765-இல், பல கட்டை வைத்து முழுவண்ணத்தில் அடிப்பது தொடங்கிவிட்டது. ஆனால் அறுபது ஆண்டுக்கும் மேலாகச் சந்தையை ஆண்டவை கபுக்கி நடிகர்களும் கணிகையரும்தான். நிலக்காட்சி ஏன் பிந்தியது? ரசனை, பயணம், சட்டம் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த காரணம், நல்ல நீலம் இல்லை என்பது. வானமும் கடலும் ஆறும் இல்லாமல் நிலக்காட்சி ஏது?

அவர்களிடம் இருந்த நீலம் இரண்டு. ஒன்று, ஒரு காட்டுப்பூவின் இதழ்ச்சாறு. அழகான இளநீலம். ஆனால் தண்ணீர் பட்டால் ஓடும், வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். இன்னொன்று அவுரிச் சாயம். துணிக்கு ராஜா, அச்சுக்கு அடம்பிடிக்கும். சாயம் தோய்த்த பழந்துணியிலிருந்து வேகவைத்து மீட்டெடுக்கும் வழக்கம்கூட இருந்தது. ஒரே சீராகப் பூசினால் வரும், வழுவழுவென்று கரையச் சொன்னால் வராது.

மூன்றாவது நீலம் பெர்லினில் பிறந்தது. 1704-க்கும் 1706-க்கும் இடையில் டீஸ்பாக் என்ற வண்ணத் தயாரிப்பாளர் ஒரு சிவப்பு தயாரிக்கப் போய், அவர் வாங்கிய பொட்டாஷில் விலங்கு ரத்தக் கலப்பு இருந்ததால், ஆழ்ந்த நீலத்தைப் பெற்றார் என்பது வழங்கும் வரலாறு. இரும்புச் சேர்மம். பிரஷ்ய நீலம் என்று உலகம் அழைக்கிறது. டச்சுக்காரர்களின் கப்பல் வழியே நாகசாக்கிக்கு வந்தபோது யானைவிலை. 1820-களின் கடைசியில் சீன வணிகர்கள் வழியாக நிறைய வரத் தொடங்கியதும் விலை சரிந்தது. உடனே பதிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1829-இல் கெய்சாய் எய்சென் விசிறிகளுக்கு முழுக்க நீலத்திலேயே படம் போட்டார். அது விற்ற வேகத்தைப் பார்த்து, நிஷிமுராயா யொஹாச்சி என்ற பதிப்பாளர் எழுபது வயதுக் கிழவர் ஒருவரை வைத்து ஃபுஜி மலை வரிசையைத் தொடங்கினார். கிழவர் பெயர் ஹொக்குசாய். தலைப்பில் ‘முப்பத்தாறு காட்சிகள்’ என்று இருந்தாலும், நன்றாக விற்றதால் நாற்பத்தாறு வரை நீண்டது.

அந்தப் பத்தைத் தனியாக அடையாளம் காண ஒரு வழி உண்டு. முதல் முப்பத்தாறில் வெளிக்கோடே நீலத்தில் அடிக்கப்பட்டது. கூடுதலாக வந்த பத்தில் கறுப்பு. உலகமே அறிந்த ‘கனகாவா பேரலை’யில் படகுகளின் கோட்டை உற்றுப் பாருங்கள், கறுப்பு மாதிரித் தெரிவது கருநீலம். கோடும் தண்ணீரும் ஒரே குடும்ப வண்ணம் என்பதால்தான் அந்த அலை தாளிலிருந்து துருத்தாமல் எழுகிறது. அதே வரிசையில் ‘சிவப்பு ஃபுஜி’ என்று கொண்டாடப்படும் படத்தின் தொடக்கப் படிகளில் மலை அவ்வளவு சிவப்பே இல்லை. வெளிறிய ரோஜா நிறம், வானநீலமும் திட்டுத்திட்டாக. பின்னால் அடித்த படிகளில்தான் செங்கல் சிவப்பு ஏறியது. நாம் அஞ்சலட்டையில் பார்ப்பது பெரும்பாலும் பின்னது.

ஹிரோஷிகே 1797-இல் எடோவில் பிறந்தவர். அப்பா தீயணைப்புக் காவல் படையில் இருந்த சின்ன அந்தஸ்து சாமுராய். 1809-இல் தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போக, அந்த வேலை சிறுவன் தலையில் விழுந்தது. 1811-இல் உத்தகாவா தொயொஹிரோவிடம் சீடராகச் சேர்ந்தார். மற்றவர்களைப் போல நடிகர்கள், பெண்கள் என்று கைபழகி, தொக்கைடோ வரிசையில்தான் பெயர் எடுத்தார். எடோவிலிருந்து கியோத்தோ வரை ஐம்பத்து மூன்று தங்கல்கள், தொடக்கமும் முடிவும் சேர்த்து ஐம்பத்தைந்து தாள். அதில் எல்லா ஊரையும் நேரில் பார்த்து வரைந்தார் என்று நம்புவதற்கில்லை. 1797-இல் வந்த ஒரு பயண வழிகாட்டி நூலின் படங்களிலிருந்து பல காட்சிகளை எடுத்திருக்கிறார். கன்பராவின் பனியும் அவர் மனத்தில் பெய்ததுதான். அதனால் அவர் மதிப்பு எனக்குக் குறையவில்லை. வாங்கியவர்களில் பலரும் அந்த ஊருக்குப் போகப்போவதில்லை.

அந்த வரிசையிலேயே நான் முதலிடம் கொடுப்பது கன்பராவுக்கு அல்ல, ‘ஷோனோ’வுக்கு. திடீர் மழை. பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஏறுகிறார்கள், எதிரே குடைக்காரர் ஒருவர் சரிவில் ஓடுகிறார். சாலை ஒரு பக்கம் சாய்கிறது, கூரைகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன, மழைக்கோடு மூன்றாவது சாய்வு. பின்னால் காற்றில் வளையும் மரங்கள் கோடே இல்லாமல் மூன்று சாம்பல் அடுக்காக நிற்கின்றன. கிட்டத்தில் உள்ளது அடர்த்தி, தள்ளி உள்ளது வெளிறல். மேற்கத்திய முறையில் கோடுகளை ஒரு புள்ளியில் குவித்துத் தூரத்தைக் காட்டும் வித்தை ஜப்பானிய அச்சுக்காரர்களுக்கு 1740-களிலேயே தெரியும். இங்கே அது தேவைப்படவில்லை. மூன்று சாம்பலே தூரத்தைக் காட்டிவிட்டது.

அடுத்து சட்டம் ஒரு தள்ளு தள்ளியது. 1842-இல் ஷோகன் அரசாங்கம் சிக்கன நடவடிக்கை என்று நடிகர்கள், கணிகையர் படங்களைத் தடைசெய்தது. ஒரு படத்தில் எத்தனை வண்ணம் அடிக்கலாம் என்பதற்கும் விலைக்கும் உச்சவரம்பு வைத்தது. ஒரு தாள் பதினாறு மொன், அதாவது தெருக்கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை. மலைக்கும் மழைக்கும் மட்டும் தடையில்லை.

1855 நவம்பரில் எடோவைப் பெரும் பூகம்பம் குலுக்கியது, பிறகு தீ. அடுத்த ஆண்டு உவோயா எய்கிச்சி என்ற பதிப்பாளருக்காக ஹிரோஷிகே ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையைத் தொடங்கினார். 1858-இல் அவர் சாகும்வரை நீண்டு, நூறைத் தாண்டிவிட்டது. நிலக்காட்சி என்றால் அகலவாட்டில் என்ற பழக்கத்தை உடைத்து எல்லாத் தாளையும் நெட்டுவாட்டில் நிறுத்தினார். நெட்டுவாட்டில் வயல் அடங்காது, அடிவானம் அடங்காது. அதனால் ஒரு பொருளைக் கண்ணுக்கு முன்னால் பெரிதாக வைத்து, விளிம்பில் வெட்டி, அதன் சந்து வழியே தூரத்தைப் பார்க்கவைத்தார். அசகுசா கோயில் படத்தில் பிரம்மாண்டமான சிவப்பு விளக்கு மேலே தொங்குகிறது, அதற்கு அப்பால் பனியில் கோபுரம். சுயிதோ பாலத்துப் படத்தில் காகிதக் கெண்டைமீன் கொடி ஆளை அடிப்பதுபோல் தொங்குகிறது. ஹனேதா படகுத்துறையில் படகோட்டியின் மயிரடர்ந்த காலும் கையும்தான் சட்டம். நாயித்தோ ஷின்ஜுக்குப் படத்தில் குதிரையின் பின்புறமும் அது போட்ட சாணமும். ஷின்ஜுக்குவின் இன்றைய கண்ணாடிக் கோபுரங்களைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

எல்லாமே வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். சில தாள்களில் இந்த உத்தி வெறும் சாமர்த்தியமாகவே நின்றுவிடுகிறது. ஆனால் 1857-இல் வந்த ‘ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை’யில் அந்தக் குறும்பு எதுவும் இல்லை. மேலிருந்து பார்த்த மரப்பாலம், குடையும் பாயுமாகக் குனிந்து ஓடும் சிலர், சுமிதா ஆற்றில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் தனியாள், எதிர்க்கரை சாம்பல் நிழல். பாலம் ஒரு சாய்வு, கரை எதிர்ச்சாய்வு. மழைக்கு இரண்டு கட்டை செதுக்கியிருக்கிறார்கள். இரண்டிலும் கோடுகள் மயிரிழை கனம், கோணம் சற்றே மாறுபடும், அடர்த்தியும் வேறு. ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மழைக்கு ஆழம் வந்துவிடுகிறது. மயிரிழைக் கோட்டை மரத்தில் நிமிர்ந்து நிற்கவிட்டுச் சுற்றிலும் தோண்டிய அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். மேலே மேகக் கருமை, வரம்பில்லாத பொக்காஷி. அதனால் இரண்டு படிகளில் ஒரே மேகம் கிடையாது.

1887-இல் பாரிஸில் வின்சென்ட் வான் கோ இந்த மழையையும், கமெய்தோ பிளம் தோட்டத்துப் படத்தையும் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். எழுத்துக்கள் நிறைந்த கரையையும் தானே சேர்த்துக்கொண்டார். அந்த அமைப்பு அவருக்குச் சிக்கியது. வண்ணம் நாருக்குள் இறங்கிக் கரைவது சிக்கவில்லை. எண்ணெய் வண்ணத்தால் அது ஆகாது. அவர் மழை தடித்த மழை.

நாம் இன்று பார்க்கும் வண்ணமும் அன்றைய வண்ணம் அல்ல. பிரஷ்ய நீலம் தாக்குப்பிடித்தது. குசும்பப்பூச் சிவப்பும் பூச்சாற்று நீலமும் வெளிச்சத்தில் போய்விட்டன. அமெரிக்காவின் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் தங்கள் ஆயிரக்கணக்கான அச்சுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, எந்நாளும் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பதினாறு மொன் கொடுத்து வாங்கியவர் பார்த்த வண்ணம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்த இருட்டறைத் தாள்களைவிட நல்ல சாட்சி குறைவு.

கட்டை ஒன்று, வானம் பல என்ற உண்மையை வெளிப்படையாகவே கலையாக்கியவர் பின்னால் வந்த யொஷிதா ஹிரோஷி. பதிப்பாளர் வத்தனாபே ஷோசபுரோவிடம் இருந்த அவருடைய கட்டைகள் 1923 பூகம்பத் தீயில் போயின. 1925-இல் சொந்தப் பட்டறை வைத்தார். செதுக்குபவர், அச்சடிப்பவர் எல்லாரும் அவர் கண்முன்னே வேலைசெய்தார்கள். தானும் கத்தி பிடித்தார், பாரென் பிடித்தார். 1926-இல் ஒரே கட்டைத்தொகுதியை வைத்துப் ‘பாய்மரப் படகுகள்’ என்று ஆறு படம் அடித்தார்: காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு. படகு அசையவில்லை. வண்ணம் மட்டும் மாறி நாள் ஓடுகிறது. நிக்கோவின் யோமெய் வாசல் படத்துக்கு அவர் தொண்ணூற்றாறு முறை அச்சடித்தார் என்பது பதிவான கணக்கு. நாலு கலர் ஓட்டிக் களைத்த எனக்கு அதைப் படித்தபோது தோள் வலித்தது.

யொஷிதா 1930-இன் கடைசியில் இந்தியாவுக்கும் வந்தார். தாஜ்மஹாலை ஒரே கட்டையில் பகலாகவும் இரவாகவும் மாற்றி அடித்தார். மதுரைக் கோயிலும் அந்த இந்திய வரிசையில் உண்டு. இந்த அச்சுகளை உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் தளங்களில் காசில்லாமல் பெரிதாக்கிப் பார்க்க வைத்திருக்கின்றன. மதுரைக்காரர்கள் தங்கள் கோயிலைத் தேடிப் பாருங்கள். மற்றவர்கள் கன்பராவின் இரண்டு படிகளை அருகருகே திறந்து வையுங்கள். எது உங்களுக்குப் பிடித்தாலும், பாராட்டில் பாதியைப் பெயர் தெரியாத அந்த அச்சடிப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.